உயர்கல்வி வாய்ப்புக்காகக் குரல் கொடுக்க மாணவர்களைப் பழக்குவது: எங்கிருந்து தொடங்கலாம்?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்களிடம் சேரும் மாணவர்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறையினர். விருப்பமுள்ள இரண்டாமாண்டு மாணவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து, உயர்கல்வி வாய்ப்பில் உள்ள ஏற்றத்தாழ்வுகளைப் பற்றி உரிய இடங்களில் அவர்களே பேசும் அளவுக்குப் பயிற்சி அளிக்க எண்ணியிருக்கிறேன். இத்துறையில் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது கல்லூரி வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட உயர்கல்விச் சேர்க்கை, 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு. இந்த எண்களைக் கேட்டவுடன், இனி இங்கே கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் வினவுகிறார்கள். சேர்ந்தவர்கள் எந்தப் படிப்பில், எத்தகைய கல்லூரியில் சேர்ந்தார்கள், அவர்களில் யார் முதலாண்டு முடிவதற்குள் நின்றுவிட்டார்கள், சேரவே முடியாமல் போனவர்கள் எந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்பனவற்றை ஒரு சராசரி எண் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்த ஊர்களிலிருந்து வந்து என் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்கள்தாம்.

நான் பார்த்த வரையில் மாணவர்களுக்கான இத்தகைய பயிற்சிகள் பெரும்பாலும் மேடைப்பேச்சுப் பயிற்சியாகவோ ஆளுமை வளர்ச்சிப் பட்டறையாகவோ முடிந்துவிடுகின்றன. சமூக நீதியைப் பற்றிப் பத்து நிமிடம் தங்குதடையின்றிப் பேசும் மாணவருக்கு, குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதற்கான சான்றிதழை எந்த அலுவலகம் தருகிறது, அது மறுக்கப்பட்டால் யாரிடம் முறையிட வேண்டும் என்பது தெரிவதில்லை. எனவே அரசாணையைப் படிப்பதிலிருந்தும் மனு எழுதுவதிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். விதி எது, அதை மாற்றும் அல்லது நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, நாம் கேட்பது சரியாக என்ன என்ற மூன்றும் தெரிந்த பிறகு பேச்சு தானாக வரும் என்று நம்புகிறேன். மாற்றுக் கருத்து இருப்பின் அருள்கூர்ந்து பதிவிடுங்கள்.

நீதிமன்ற வீதி

உங்கள் எண்ணத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். கல்வி தொடர்பான வழக்குகளை நடத்தும் வழக்குரைஞன் என்ற முறையில் சொல்கிறேன்: என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் கையில் எந்த எழுத்தும் இல்லாமல் வருகிறார்கள். கல்லூரியில் கட்டணம் கேட்டார்கள் என்பார்கள். கேட்டதற்கான ஆவணம் இருக்காது. மனு கொடுத்தேன் என்பார்கள். ஒப்புகைச் சீட்டு இருக்காது. எழுத்தில் இல்லாத குறையை எந்த அலுவலகமும் கண்டுகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களிடம், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களாயின், சுயநிதிக் கல்லூரிகள் உட்படக் கட்டாயக் கட்டணங்களை வசூலிக்கக் கூடாது என்பதற்காக 2012இல் 92ஆம் எண் அரசாணை வெளியிடப்பட்டது. ஆனாலும் பணத்தை முதலில் கட்டிவிடுங்கள், உதவித்தொகை வந்ததும் திருப்பித் தருகிறோம் என்று சொல்லப்படுவதை இன்றும் கேட்கிறோம். அப்போது மாணவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த அரசாணையின் எண்ணைக் குறிப்பிட்டு, தம்மிடம் கேட்கப்படும் தொகை எந்தத் தலைப்பின் கீழ் கேட்கப்படுகிறது என்பதை எழுத்து மூலம் தருமாறு கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, அதன் நகலில் அலுவலக முத்திரை பெற்றுக்கொள்வது. பல இடங்களில் அந்தக் கடிதத்துடனேயே சிக்கல் தீர்ந்துவிடும். தீராத இடங்களில் அது பின்னாளில் சான்றாகும். அதுபோலவே, மாணவர்களின் அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருப்பதையும் உங்கள் மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயிற்சியில் கட்டாயம் சேருங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில், ஆறாவது பிரிவின் கீழ் விண்ணப்பித்தால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் கேள்வியை எழுதும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் உதவித்தொகை தாமதமானது?" என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டிய கடமை தகவல் அலுவலருக்கு இல்லை, ஏனெனில் பதிவேட்டில் இருப்பதைத் தருவதே அவர் பணி. "இந்தக் கல்வியாண்டில் இந்த மாவட்டத்தில் எத்தனை விண்ணப்பங்கள் பெறப்பட்டன, எத்தனை எந்தத் தேதியில் ஒப்பளிக்கப்பட்டன, நிலுவையில் உள்ளவை எத்தனை, உரிய பதிவேட்டின் நகலைத் தருக" என்று கேட்டால் அவர் தந்தாக வேண்டும்.

செம்பருத்தி

மேலே எழுதிய இருவரின் அக்கறையையும் மதிக்கிறேன். எனினும் ஓர் எச்சரிக்கையைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. மனு எழுதுவதும் விண்ணப்பம் நிரப்புவதும் இருக்கின்ற விதிக்குள் ஒருவருக்கு உரியதைப் பெற்றுத் தரும் வேலை. விதியே அநீதியாக இருக்கும்போது அந்தப் பயிற்சி போதாது.

தமிழ்நாட்டின் வரலாற்றையே பாருங்கள். 1984இல் கொண்டுவரப்பட்ட தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு, நன்றாக விண்ணப்பம் நிரப்பியதால் ஒழியவில்லை. அது கிராமப்புற மாணவர்களை வெளியே நிறுத்துகிறது என்று பல ஆண்டுகள் பேசப்பட்டு, 2005இல் எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்காமல் போய், பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2006இல் சட்டம் இயற்றப்பட்டு ஒழிந்தது. பிறகு நீட் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றவர்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. அந்த நிலையில்தான் நீதியரசர் கலையரசன் குழு அமைக்கப்பட்டது. மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டைக் குழு பரிந்துரைத்தது, அரசு 7.5 விழுக்காடு என்று முடிவு செய்தது. 2020 செப்டம்பரில் பேரவையில் நிறைவேறிய சட்டமுன்வடிவுக்கு ஆளுநரின் ஒப்புதல் அக்டோபர் இறுதியில்தான் கிடைத்தது. அதற்குள் பொறுமையிழந்த மாநில அரசு அரசாணையே வெளியிட்டுவிட்டது. முதல் ஆண்டிலேயே 300க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்கள் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றார்கள். ஒரு விதி மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2021இல் நீதியரசர் ஏ.கே.ராசன் குழு நீட் தேர்வின் தாக்கம் குறித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது 86,000க்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்தன. அப்படிப்பட்ட ஒரு குழுவுக்குக் கருத்துரை எழுதுவது எப்படி, சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது அதன்முன் எதை வைப்பது, துறைகளுக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் தொகுதி உறுப்பினரைச் சந்தித்து எதைக் கேட்பது என்பனவற்றையே மாணவர்களுக்கு முதலில் கற்பிக்க வேண்டும். இல்லையேல் இ-சேவை மையத்துக்கு ஊதியமில்லாத உதவியாளர்களை உருவாக்கியவர்களாகிவிடுவோம்.

மலையடிவாரம்

செம்பருத்தி அவர்களுக்கு: நீங்கள் சொல்லும் இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே மலைப்பகுதியில் பணிபுரியும் என் அனுபவம்.

பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தர இயலாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். ஆதிதிராவிட மாணவருக்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடியும் வேலை, பழங்குடி மாணவருக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் வரை நீளும். பெற்றோரிடமோ உடன்பிறந்தோரிடமோ பழைய சான்றிதழ் இல்லையென்றால் விசாரணை, பூர்விகம், உறவினர் வாக்குமூலம் என்று மாதங்கள் கடந்துவிடும். அதற்குள் கலந்தாய்வு முடிந்துவிடும். சான்றிதழ் கைக்கு வராததால் பொதுப் பிரிவில் விண்ணப்பித்து, இடம் கிடைக்காமல், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பெட்டியில் வைத்துவிட்டு மிளகு பறிக்கவும் செங்கல் சூளைக்கும் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே நேரும்போது அது அவர்களின் தலைவிதியாகவே பார்க்கப்படுகிறது. எங்கள் பகுதியில் கல்லூரி மாணவர்கள் சிலர் கோடை விடுமுறையில் ஊர் ஊராகச் சென்று, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தபோது, கூடவே ஒரு நோட்டில் விண்ணப்பித்த தேதி, நிலுவையில் உள்ள மேசை, கேட்கப்பட்ட கூடுதல் ஆவணம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். அந்த நோட்டின் பக்கங்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, தாமதம் பெரும்பாலும் ஒரே கட்டத்தில் நிகழ்கிறது என்பது தெரிந்தது. அதன்பின் அவர்கள் தனித்தனிக் குடும்பங்களுக்காக மனு எழுதவில்லை. கலந்தாய்வுக்கு முந்தைய மாதங்களில் அந்தந்த ஊர்ப் பள்ளியிலேயே சான்றிதழ் முகாம் நடத்த வேண்டும் என்று ஒரே கோரிக்கையாக எழுதி, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தார்கள். விண்ணப்பம் நிரப்பியிராவிட்டால் அந்தக் கோரிக்கையே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. உதவி செய்யும் கை குறிப்பெடுக்கவும் வேண்டும். பயிற்சியில் நான் வலியுறுத்துவது இந்தப் பழக்கத்தைத்தான்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் மறுபக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

உதவித்தொகை நின்றுபோவதற்குக் காரணம் எப்போதும் யாரோ ஒருவரின் வஞ்சகம் அன்று. ஆதார் அட்டையில் தந்தை பெயர் விரிவாக இருக்கும். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும். மூன்றும் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பில் பள்ளியில் தொடங்கிய கணக்கு பயன்படுத்தாமல் முடங்கியிருக்கும், அல்லது அந்தக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்படாமல் வேறொரு கணக்கு இணைந்திருக்கும். வருமானச் சான்றிதழைப் புதுப்பிக்காமல் பழையதையே பதிவேற்றியிருப்பார்கள். கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப்பெண், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் ஆகிய அரசுத் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாயும் ஆறாம் வகுப்பு முதல் படித்த பள்ளியின் விவரம் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில் சரியாக இல்லாவிட்டால் சிக்கலுக்குள்ளாகும். இவற்றையெல்லாம் சேர்க்கை நாளன்றே மூத்த மாணவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து சரிபார்த்தால், பிற்பாடு எழக்கூடிய மனுக்களில் பாதி தேவைப்படாது.

இன்னொன்று. மாணவர்கள் அலுவலகத்துக்குக் கூட்டமாக வந்து முழக்கமிட்டால் அன்றைக்கு எல்லாரும் பேசுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். எண்ணும் தேதியும் குறிப்பிட்ட கடிதம் வந்தால் அதற்குக் கோப்பு திறந்தாக வேண்டும். திறந்த கோப்பை முடிக்காமல் வைத்திருப்பது எங்களுக்கும் தலைவலி என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். அதே கடிதத்தில் எழுத்தரை வசைபாடும் இரண்டு வரி இருந்தால் போதும், விதியை விட்டுவிட்டு அந்த இரண்டு வரிக்கே அலுவலகம் பதில் எழுதும். கண்ணியமான மொழி கோரிக்கையின் வலிமையைக் கூட்டும்.

மூன்றாமாண்டு

நான் மாணவி. பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதத் தயக்கமாக இருந்தாலும், எங்களைப் பற்றிய பேச்சு என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு விதி தெரியாதது மட்டும் தடையன்று. அகமதிப்பெண்ணைப் பற்றிய அச்சம் இருக்கிறது. கல்லூரியை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவள் என்று பெயர் வந்தால் செய்முறைத் தேர்வில் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு முன்பே என் அம்மாவுக்கு வந்துவிடும். மாணவர் பேரவைத் தேர்தல் குறித்து லிங்டோ குழு 2006இல் அளித்த பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டும், இங்கே பல கல்லூரிகளில் தேர்தலே நடப்பதில்லை. துறைத் தலைவர் பெயர் சொல்லும் மாணவரே பிரதிநிதி. அப்படியிருக்கையில் யார் சார்பாக யார் பேசுவது?

எனவே ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சியின் முதல் கட்டத்தில் எங்கள் கல்லூரியைப் பற்றிய குறைகளை எடுக்க வேண்டாம். நாங்கள் படித்த பள்ளிக்கு அனுப்புங்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளுக்குக் கலந்தாய்வு என்ற சொல்லே தேர்வு முடிவு வந்த பிறகுதான் காதில் விழுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டின் கீழ் பொறியியல் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது என்பது தெரியாமல், நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிய குடும்பங்கள் இருக்கின்றன. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் இல்லை என்பது பணம் கட்டிய பிறகே அவர்களுக்குத் தெரிகிறது. அங்கே பேசிப் பழகினால் எங்களுக்கு அச்சம் குறையும். அங்கே நாங்கள் சொல்வதைக் கேட்க ஆள் இருப்பார்கள். கிராமசபையிலும் பேசலாம். நாங்கள் வாக்காளர் பட்டியலில் இருக்கிறோம். தீர்மானத்தில் கையெழுத்திட எந்தத் துறைத் தலைவரின் அனுமதியும் தேவையில்லை.

நீதிமன்ற வீதி

மூன்றாமாண்டு மாணவியின் பதிவுதான் இந்த இழையில் இதுவரை வந்தவற்றுள் மிகவும் பயனுள்ளது. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், உள்ளாட்சி நாளான நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் தமிழ்நாட்டில் நடத்தப்படுகின்றன. அவற்றில் மே 1 கூட்டம் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் நேரத்தை ஒட்டி வருவதால், ஊரில் உயர்கல்விக்குச் செல்லாதோர் பட்டியல், சான்றிதழ் முகாம், கல்லூரி நேரத்துக்கு ஏற்ற பேருந்து ஆகியவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவர ஏற்றது. தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதை உறுதி செய்த பிறகே கையெழுத்திட வேண்டும், வெற்றுத்தாளில் வேண்டாம்.

பழிவாங்கல் அச்சத்துக்கு ஒரு வழி உண்டு. தகவல் உரிமை விண்ணப்பத்தைக் குறிப்பிட்ட ஒரு மாணவரைப் பற்றிக் கேட்காமல் ஆண்டு வாரியான எண்ணிக்கையாகக் கேட்கலாம். அதை மாவட்ட அலுவலகத்துக்கே அனுப்பலாம். விண்ணப்பிப்பவர் படிப்பை முடித்த முன்னாள் மாணவராக இருக்கலாம். காரணம் சொல்ல வேண்டிய தேவை சட்டப்படியே இல்லை.

செம்பருத்தி

மலையடிவாரம் அவர்கள் சொன்ன நோட்டுப் புத்தகம் என் கருத்தை ஓரளவு மாற்றியிருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனாலும் என் கேள்வியை விட்டுவிடவில்லை. எடுத்துக்காட்டாக, 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே உரியது. அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இல்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்று கூறிவிட்டது. ஆனால் புதுமைப்பெண் திட்டம் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற மாணவிகளுக்கும் 2024 இறுதியில் விரிவாக்கப்பட்டது. ஒரு திட்டத்தில் விரிந்த எல்லை மற்றொன்றில் விரிய வேண்டுமா, விரிந்தால் அரசுப் பள்ளி மாணவரின் பங்கு குறையுமே, அதற்கு என்ன விடை என்பதை இரு தரப்பாகப் பிரிந்து மாணவர்கள் வாதிட்டுப் பார்க்க வேண்டும். தங்களுக்கு நன்மை தரும் விதியால் பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று எண்ணிப் பார்க்காத மாணவர், வாய்ப்பைப் பற்றிப் பேசினாலும் நியாயத்தைப் பற்றிப் பேச இயலாது.

மாற்றுத்திறனாளி மாணவர்களையும் மறந்துவிட வேண்டாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை அவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. இடம் இருக்கிறது, இரண்டாம் மாடியில் நடக்கும் வகுப்புக்குச் செல்லச் சாய்தளமோ மின்தூக்கியோ இல்லை என்பதால் சேர்ந்தவர் நின்றுவிடுகிறார். இந்தக் குறையை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியாது.

பொருநைக்கரை

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. என் திட்டத்தை மாற்றிக்கொள்கிறேன். அரசாணை வாசிப்பில் தொடங்குவதாக இருந்தேன். இப்போது மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளிகளுக்குச் சென்று, பன்னிரண்டாம் வகுப்பினரோடு அமர்ந்து, அவர்கள் எங்கே தடுக்கப்படுகிறார்கள் என்று நோட்டில் எழுதி வருவதை முதல் வேலையாக வைக்கிறேன். அந்த நோட்டில் இருக்கும் தடை எந்த விதியால் வருகிறது என்று தேடும்போது அரசாணையைப் படிக்க வேண்டிய தேவை அவர்களுக்கே ஏற்படும். செம்பருத்தி அவர்கள் குறிப்பிட்ட இருதரப்பு வாதத்தை மூன்றாவது மாதத்தில் வைக்க எண்ணுகிறேன். சாய்தளப் பிரச்சினை எங்கள் வளாகத்திலேயே இருக்கிறது. அதை மாணவர்கள் தலையில் ஏற்றாமல் ஆசிரியர் மன்றத்தின் வழியாக நானே எழுப்புகிறேன்.

ஒரு செய்தியில் மட்டும் உறுதியாக இருக்க விரும்புகிறேன். எந்த மனுவிலும், எந்தக் கூட்டத்திலும், பாதிக்கப்பட்டவர் அங்கே இருந்தால் அவரே பேச வேண்டும். எங்கள் மாணவர் அருகில் அமர்ந்து ஆவணத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். நன்றாகப் பேசக்கூடியவரையே ஒவ்வொரு முறையும் முன்னிறுத்தினால், கடைசியில் நான்கு பேச்சாளர்களும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டமும்தான் மிஞ்சும்.

கண்காணிப்பாளர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்கள் எழுதும் முதல் மனுக்களை, அலுவலக மேசையில் வந்து விழும் கடிதத்தை எப்படிப் படிப்பீர்களோ அப்படியே படித்து, எந்த வரியில் கோப்பு திறக்கும், எந்த வரியில் மூடும் என்று சிவப்பு மையில் குறித்துத் தர இயலுமா? பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

மகிழ்ச்சியுடன் செய்கிறேன். தட்டச்சு செய்ய வேண்டாம். கையால் எழுதச் சொல்லுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பொருள் என்ற இடத்தில் ஒரே ஒரு கோரிக்கை, பார்வை என்ற இடத்தில் அரசாணை எண்ணும் நாளும், இணைப்பு என்ற இடத்தில் நகல்களின் பட்டியல். இரண்டு கோரிக்கைகள் இருந்தால் இரண்டு மனுக்களாக எழுதச் சொல்லுங்கள். ஒன்றாக எழுதினால் எளிதானதற்குப் பதில் எழுதிவிட்டு மற்றதோடு சேர்த்துக் கோப்பை முடித்துவிடுவார்கள்.